சிபாரிசுக்குத் திரும்பச் சொல்கிறார்கள்

வேலை தேடும் பிள்ளைகளுக்கு இன்று கிடைக்கும் அறிவுரைகளில் மிகவும் மலிந்தது இது: “நெட்ல அப்ளை பண்றதெல்லாம் வேஸ்ட்டுப்பா. உள்ள யாராச்சும் தெரிஞ்சவங்க இருக்காங்களான்னு பாரு.” கல்லூரி பிளேஸ்மென்ட் அறையிலும் இதைச் சொல்கிறார்கள், டீக்கடையிலும் சொல்கிறார்கள். மனிதவள ஆலோசகர்கள் இதையே கொஞ்சம் இஸ்திரி போட்டுச் சொல்வார்கள்: ஜாப் போர்ட்டல்களின் காலம் முடிந்தது, இனி ஊழியர் பரிந்துரையும் செயற்கை நுண்ணறிவும்தான் ஆளையும் வேலையையும் சேர்த்துவைக்கும், காலியிடத்தை ஊருக்கெல்லாம் அறிவித்து, வருகிற விண்ணப்பங்களைச் சலிப்பது பழைய முறை. இதற்கு மூன்று ஆதாரங்கள் காட்டுவார்கள். உலகின் முன்னோடி வேலை இணையதளமான மான்ஸ்டர் 2025 ஜூனில் அமெரிக்காவில் திவால் மனு கொடுத்தது. ஒரு விளம்பரத்துக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் குவிந்து, படிக்கவே ஆளில்லை. மூன்றாவதாக, வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோர் தெரிந்தவர் மூலமாகவே கிடைத்ததாகச் சொல்கிறார்கள். மூன்றும் உண்மை. அவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவு தவறு. அது மதுரை போன்ற ஊருக்கு, குறிப்பாகப் பரவை, சமயநல்லூர், விளாங்குடி போன்ற புறநகர்களில் முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கி நிற்பவர்களுக்கு, கெடுதல் செய்யும் முடிவும்கூட.

முதலில் மான்ஸ்டரை முடித்துவிடலாம், அதில் பெரிதாக ஒன்றுமில்லை. 1994-ல் தொடங்கிய நிறுவனம்; 2016-ல் ராண்ட்ஸ்டாட் அதை 42.9 கோடி டாலருக்கு வாங்கியது; 2024-ல் கேரியர்பில்டரோடு இணைந்தது; மறு ஆண்டே மூழ்கியது. ஆனால் அதை அடித்தவர் யார்? 2004-ல் வந்த இன்டீட், கூடவே லிங்க்ட்இன். இரண்டும் காலியிடங்களை அறிவிக்கும் தளங்கள்தான். இந்தியாவில் 1997-ல் தொடங்கிய நௌக்ரி இன்றும் லாபத்தில் ஓடுகிறது. மான்ஸ்டரின் இந்தியக் கிளையும் 2018-ல் குவெஸ் நிறுவனத்தின் கைக்குப் போய், 2022-ல் ஃபவுண்டிட் என்று பெயர் மாற்றிக்கொண்டு நடந்துவருகிறது. ஒரு கடை மூடியதைக் காட்டிச் சந்தையே செத்துவிட்டது என்பது பத்திரிகைத் தலைப்புக்குச் சரி, வாதத்துக்கு உதவாது.

விண்ணப்பக் குவியல் அப்படித் தள்ளிவிடக்கூடிய விஷயம் இல்லை. லிங்க்ட்இன்னில் நிமிடத்துக்குச் சுமார் 11,000 விண்ணப்பங்கள் விழுவதாக 2025-ல் செய்தி வந்தது. சாட்ஜிபிடியிடம் கொடுத்தால் ஒரே பயோடேட்டாவை நூறு விளம்பரத்துக்கு நூறு விதமாகத் தைத்துக் கொடுக்கிறது. ஒரு பொத்தானைத் தட்டினால் போய்ச் சேர்கிறது. எச்.ஆர். மேசையில் இருப்பவர் முதல் ஐம்பதைப் பார்ப்பார், மிச்சத்தைப் பார்க்க மாட்டார். ஆனால் குவிவது ஏன் என்று கேட்டால், எல்லோரும் விண்ணப்பிப்பவரின் அவசரத்தையே காரணமாகக் காட்டுகிறார்கள். விளம்பரத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். மதுரையில் வேலை என்று தேடினால் வருகிற ஒரு சராசரி அறிவிப்பில் என்ன இருக்கிறது? நிறுவனத்தின் பெயருக்குப் பதில் ‘பிரபல நிறுவனம்’ என்றிருக்கும், போட்டிருப்பது ஒரு கன்சல்டன்சியாக இருக்கும். இடம்: மதுரை, கோவை, சென்னை, பெங்களூரு. அனுபவம்: 0 முதல் 5 ஆண்டு. சம்பளம்: வெளியிடப்படவில்லை. போட்ட நாள்: 30 நாட்களுக்கு முன். அந்த இடம் இன்னும் காலியா, எப்போதாவது காலியாக இருந்ததா, அல்லது நாளைக்குத் தேவைப்படலாம் என்று பயோடேட்டா சேர்த்துவைக்கிறார்களா, தெரியாது. விண்ணப்பித்தால் பதிலும் வராது. இப்படிப்பட்ட இருட்டில் ஒருவர் கவனமாகத் தேர்ந்தெடுத்து ஐந்து இடத்துக்கு மட்டும் விண்ணப்பிப்பதற்கு என்ன முகாந்திரம் இருக்கிறது? பன்னிரண்டாயிரம் சம்பளமா முப்பதாயிரமா, பக்கத்துக் கப்பலூரா பெங்களூரா என்று சொல்லாதவரை, எல்லாவற்றுக்கும் அனுப்பிவைப்பதுதான் அறிவுள்ள செயல். குவியலை உண்டாக்குவது அந்த மௌனம்.

இந்த மௌனத்துக்கு வியாபாரக் காரணமும் இருக்கிறது. பெரிய போர்ட்டல்களின் வருமானம் முக்கியமாக நிறுவனங்களிடமிருந்து வருகிறது: விளம்பரம் போட ஒரு கட்டணம், சேர்த்துவைத்திருக்கும் பயோடேட்டாக் கிடங்கைத் திறந்து பார்க்க இன்னொரு கட்டணம். கிடங்கு பெரிதாக இருக்க இருக்க விலை கூடும். ஓர் இடம் ஒழுங்காக நிரம்பி, விளம்பரம் இறங்கி, விண்ணப்பித்த மற்றவர்களுக்கு ‘முடிந்துவிட்டது’ என்று தகவல் போனால் போர்ட்டலுக்கு அதில் தனியாக எந்த வரவும் இல்லை. முப்பது நாள் பழைய விளம்பரம் அப்படியே தொங்கினாலோ, அதற்கும் நாலு புதுப் பயோடேட்டா வந்து சேரும். பயனாளர்கள் சோம்பேறிகள், நிறுவனங்கள் கொடியவர்கள் என்றெல்லாம் திட்டுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். காலியிடம் பற்றி உண்மை சொன்னால் யாருக்கும் ஆதாயமில்லாத ஏற்பாடு இது. அதைச் சரிசெய்ய வழியுண்டா என்று கேட்காமல், அறிவிப்பதையே விட்டுவிடச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

இப்போது மூன்றாவது ஆதாரம். தெரிந்தவர் மூலம்தான் வேலை கிடைக்கிறது என்று சொல்கிறவர்கள் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டரின் ஆய்வை அறிந்தோ அறியாமலோ துணைக்கழைக்கிறார்கள். பாஸ்டன் நகரை ஒட்டிய நியூட்டனில் 282 பேரை அவர் ஆராய்ந்தார். 56 சதவீதத்தினர் தனிப்பட்ட தொடர்பு வழியாக வேலை பெற்றிருந்தார்கள். 1974-ல் நூலாக வந்தது. இந்த எண்ணை எடுத்தாளுகிறவர்கள் இரண்டு செய்திகளை விட்டுவிடுகிறார்கள். அந்த 282 பேரும் ஆண்கள். மேலாளர், தொழில்நுட்பர், கல்விவழித் தொழிலர் என்ற வகையினர். இரண்டாவது, அவர்களுக்கு உதவியது நெருங்கிய சொந்தமோ உயிர்த்தோழரோ அல்ல. எப்போதாவது பார்க்கும் பழைய சகா, முன்னாள் மேலாளர், கூட்டத்தில் அறிமுகமான ஒருவர். தூரத்துப் பழக்கம் என்ற அந்தச் சொத்து, ஏற்கெனவே அந்த உலகத்துக்குள் இருப்பவருக்குத்தான் சேரும். பரவையில் இருக்கும் மங்கையர்க்கரசி மகளிர் கல்லூரியில் பி.காம். முடிக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அப்பா பரவை மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார், அம்மா மில்லுக்குப் போகிறார் என்று வைத்தால், அந்த வீட்டின் தூரத்துப் பழக்கமெல்லாம் மண்டிக் கணக்குப்பிள்ளை வரைக்கும் போகும்; இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவுக்குள் போகாது. “தெரிஞ்சவங்களைப் பிடி” என்று அவளிடம் சொல்வது, உனக்குக் கதவு இல்லை என்று சொல்வதன் நாகரிகமான வடிவம். வேலை பெற்றவர்களை மட்டும் கேட்டு எடுத்த கணக்கில் அவள் வரவே மாட்டாள் என்பதும் கவனிக்க வேண்டியது. எந்த இடம் காலியாக இருந்தது என்று காதிலேயே விழாதவர்களை எந்த சர்வே எண்ணும்?

தெரிந்தவர் வழி ஆளெடுப்பு ஏதோ புதிய கண்டுபிடிப்பு போலப் பேசப்படுகிறது. மதுரைக்கு அது பழைய கதை. பஞ்சாலைகளில் ஆளெடுத்தது மேஸ்திரி. அவர் சொன்னால் மில்லுக்குள் போகலாம், அவர் முகம் கோணினால் வெளியே வரலாம். சொந்த ஊர்க்காரர், சொந்த சாதிக்காரர் முதலில். மற்றவருக்குக் கையில் ஏதாவது வைத்தால். முதலாளிகளுக்கு அது வசதி, ஆள் தேடும் செலவு மிச்சம், வந்தவரை அடக்கிவைக்க ஒரு பொறுப்பாளியும் உண்டு. இந்தியத் தொழிலாளர் நிலை பற்றி ஆராய 1929-ல் நியமிக்கப்பட்ட விட்லி கமிஷன், 1931-ல் தந்த அறிக்கையில், ஜாபர் எனப்பட்ட இந்த மேஸ்திரியின் கையிலிருந்து ஆளெடுக்கும் அதிகாரத்தைப் பிடுங்கித் தனித் தொழிலாளர் அலுவலரிடம் கொடுக்கச் சொன்னது. கையூட்டுதான் முக்கியக் காரணம். இன்று ஊழியர் பரிந்துரைக்கு ஊக்கத்தொகை கொடுக்கும் நிறுவனங்கள் மேஸ்திரியைத்தான் குளிரூட்டிய அறைக்குள் உட்காரவைத்திருக்கின்றன என்று சொன்னால் கோபம் வரும். வித்தியாசம் இருக்கிறதுதான்: இப்போது கையூட்டை நிறுவனமே கொடுக்கிறது. ஆனால் யார் காதில் செய்தி விழுகிறது என்பதில் பெரிய மாற்றம் இல்லை. கீழ்மட்ட வேலைகளில் மேஸ்திரி எங்கும் போய்விடவுமில்லை. மில் விடுதிகளுக்குக் கிராமத்துப் பெண்பிள்ளைகளைச் சேர்த்த புரோக்கர்களையும், வடமாநிலத்திலிருந்து ஆள் இறக்கும் கான்ட்ராக்டர்களையும் எல்லோரும் அறிவோம்.

சரி, சிபாரிசு வேண்டாம், செயற்கை நுண்ணறிவே ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும், அதற்குச் சாதி தெரியாது, சொந்தம் தெரியாது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அமேசான் இதைச் செய்துபார்த்தது. பத்தாண்டு காலம் தனக்கு வந்த பயோடேட்டாக்களைக் கொண்டு ஒரு கருவியைப் பழக்கியது. பெரும்பாலும் ஆண்களே விண்ணப்பித்து வந்த துறை என்பதால் கருவியும் ஆண்களே தேவலை என்று கற்றுக்கொண்டது. பயோடேட்டாவில் ‘மகளிர்’ என்ற சொல் வந்தால் மதிப்பெண் குறைத்தது. இரண்டு மகளிர் கல்லூரிகளில் படித்தவர்களைக் கீழே தள்ளியது. அந்தத் திட்டம் கைவிடப்பட்ட விவரத்தை 2018-ல் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. மகளிர் கல்லூரிகள் நிறைந்த மதுரைக்கு இந்தச் செய்தி தூரத்துச் செய்தி அல்ல. இதைவிடப் பெரிய சிக்கல், அறிவிப்பே இல்லாமல் இயந்திரம் நேராக ஆளைத் தேடிப் போனால், தான் ஒதுக்கப்பட்டதே ஒதுக்கப்பட்டவருக்குத் தெரியாது என்பது. விண்ணப்பித்துப் பதில் வராதவருக்காவது தான் விண்ணப்பித்த கதை இருக்கிறது.

எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி இங்கேதான் வருகிறது: அறிவிப்பு இருந்தால் மட்டும் பாகுபாடு ஒழிந்துவிட்டதா? இல்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சாட்சி. ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒத்த தகுதியும் வேறு வேறு பெயர்களும் கொண்ட 4,808 விண்ணப்பங்களை 66 வாரம் அனுப்பிப் பார்த்தார்கள். சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், அதே தகுதியுள்ள தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. இந்த எண்களைக் காட்டி, விளம்பரமும் சிபாரிசும் ஒன்றுதான், எதுவானால் என்ன என்று கேட்பவருக்கு ஒரு பதில் உண்டு. இந்த ஆய்வை எப்படிச் செய்ய முடிந்தது? விளம்பரம் பொதுவில் இருந்தது, யாரும் விண்ணப்பிக்கலாம், ஆகவே பொய்ப் பெயரில் விண்ணப்பித்து அளக்க முடிந்தது. சிபாரிசில் நடக்கும் பாகுபாட்டை எந்த ஆய்வாளர் எந்தக் கவரில் போட்டு அனுப்பி அளப்பார்? மறைவில் நிரப்பப்பட்ட இடத்தில் நிராகரிக்கப்பட்டவர் என்று ஒருவரும் இல்லை, ஏனென்றால் விண்ணப்பதாரரே இல்லை. பொது அறிவிப்பு பாகுபாட்டைப் பிடிப்பதற்கான குறைந்தபட்ச ஏற்பாடு. அரசு வேலைகளுக்கு உச்ச நீதிமன்றம் 1996-ல், கே.பி.என். விஸ்வேஸ்வர ராவ் வழக்கில், ஏறக்குறைய இதைத்தான் வலியுறுத்தியது: வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பும் பெயர்ப் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது, நாளிதழ் முதலியவற்றிலும் அறிவித்து, வருகிறவர்களையும் பரிசீலிக்க வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கும் வாய்ப்புப் போய்ச் சேர வேண்டும் என்பது அதன் சாரம்.

வேலைவாய்ப்பு அலுவலகம் என்றதும் சிரிப்பு வரும், தெரியும். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் கையில் வந்ததும் பதிவதும், மூன்றாண்டுக்கு ஒரு முறை புதுப்பிப்பதும் ஒரு சடங்கு. பதிந்து காத்திருப்போர் எண்ணிக்கை 2023-லும் 60 லட்சத்துக்கு மேல் இருந்தது. அதைக் காட்டி, சட்டம் போட்டு அறிவிக்கவைத்த முறை தோற்றுவிட்டது பாருங்கள் என்கிறார்கள். ஆனால் 1959-ஆம் ஆண்டின் காலியிடக் கட்டாய அறிவிப்புச் சட்டத்தை எடுத்துப் படித்தவர்கள் குறைவு. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் காலியிடத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது அது. அங்கிருந்துதான் ஆளெடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதன் விதிகளின்படி தெரிவிக்க வேண்டியவை: வேலையின் தன்மை, தகுதி, எத்தனை இடம், சம்பளமும் படிகளும், வேலை செய்யும் ஊர், எப்போதைக்குள் நிரப்புவார்கள் என்பது. தேர்வு முடிந்தால் 15 நாளுக்குள் முடிவையும் சொல்ல வேண்டும். இன்றைய போர்ட்டல் விளம்பரத்தில் காணாமல் போனவை எவையென்று மேலே பார்த்தோமே, அவையனைத்தும் 1960-ல் எழுதிய ஓர் அரசுப் படிவத்தில் இருக்கின்றன. அப்படியானால் ஏன் தோற்றது? முதல் முறை மீறினால் அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய், அடுத்த முறை 1,000. 1959-லிருந்து அந்தச் சட்டம் நடப்பிலிருந்தவரை அந்தத் தொகை அசையவே இல்லை. தெரிவித்த தகவலும் அலுவலகக் கோப்புக்குள் போனதே தவிர, வேலை தேடுபவரின் கண்ணுக்கு வரவில்லை. கேட்ட கேள்விகள் சரி. பதிலைப் பூட்டிவைத்ததும், பதில் சொல்லாதவரை விட்டுவிட்டதும் தப்பு. போர்ட்டல்களோ எதிர்த்திசையில் போயின: ஊருக்கெல்லாம் காட்டின, கேள்வி எதையும் கேட்கவில்லை. இரண்டையும் ஒட்டினால் என்ன என்று யாரும் இந்த ஊரில் யோசித்ததாகத் தெரியவில்லை.

வெளியூரில் யோசித்திருக்கிறார்கள். டொரண்டோவை உள்ளடக்கிய ஒன்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல் ஒரு விதி நடப்புக்கு வந்தது. தற்செயலோ என்னவோ, அங்கேயும் வரம்பு 25 ஊழியர்கள். பொதுவில் வேலை விளம்பரம் போடும் நிறுவனம் சம்பளத்தையோ சம்பள வரம்பையோ சொல்ல வேண்டும். இடம் உண்மையிலேயே காலியாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். விண்ணப்பங்களைச் சலிக்கச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால் அதையும் சொல்ல வேண்டும். நேர்காணலுக்கு வந்தவருக்கு 45 நாளுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். ‘கனடிய அனுபவம் தேவை’ என்று போடக் கூடாது. அந்த ஒரு வரியால் எத்தனை ஈழத் தமிழர்கள் படித்த படிப்பை மடித்துவைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள் என்பதை டொரண்டோவில் கேட்டுப் பார்க்கலாம். ஒரு முதலாளித்துவ நாட்டு மாகாணம் தனியார் விளம்பரத்தின் வாசகத்துக்குள் இப்படிக் கை வைக்கிறது என்றால், விளம்பரம் செத்துப்போன சாதனம் என்று அது நினைக்கவில்லை என்றுதான் பொருள்.

பரவை, கப்பலூர் அளவிலுள்ள சிறுதொழிலுக்கு இதெல்லாம் ஒத்துவருமா என்பது நியாயமான கேள்வி. எட்டுப் பேர் வேலை செய்யும் லேத் பட்டறைக்காரர் போர்ட்டலில் படிவம் நிரப்பப் போவதில்லை. சுவரில் ‘ஆட்கள் தேவை’ போஸ்டர் ஒட்டுவார், அல்லது இருக்கிற ஆளிடமே “ஒரு பையன் இருந்தா கூட்டிட்டு வாப்பா” என்பார். அவரை யாரும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. அவர் போஸ்டரில் செல்போன் எண் இருக்கும், பல நேரம் சம்பளமும் இருக்கும். பெரிய நிறுவனத்தின் மினுமினுப்பான விளம்பரத்தைவிட அது நேர்மையானது. சம்பளத்தை வெளியே சொன்னால் பக்கத்துக் கம்பெனிக்காரன் ஆளை இழுத்துவிடுவான், உள்ளே இருக்கும் பழைய ஆள் கூடக் கேட்பான் என்று நடுத்தர நிறுவனங்கள் சொல்லும் ஆட்சேபணையில் உண்மை உண்டு. அந்த உண்மை யாருக்குச் சாதகம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சம்பளம் ரகசியமாக இருப்பதால் மிச்சமாகும் பணம் தொழிலாளியின் பையிலிருந்து வருவது. மோசடி விளம்பரங்கள் பெருகிவிட்டனவே என்பார்கள். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று அழைத்துப்போய் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் தமிழ் இளைஞர்களை அடைத்த கதை 2022-ல் வெளியே வந்தது. சமூக ஊடக விளம்பரங்களும் துபாயிலும் இந்தியாவிலும் இருந்த ஏஜென்டுகளும்தான் வலை என்று வெளியுறவு அமைச்சகமே அந்த ஆண்டு எச்சரித்தது. யார் போட்டார்கள் என்று கேட்க முடியாத விளம்பரமும், தெரிந்தவர் சொன்னார் என்ற நம்பிக்கையும் கைகோத்த இடம் அது. வேலை கொடுப்பவரின் பெயர் கட்டாயம் என்ற ஒரே விதி, அந்த வலையில் பாதி கண்ணியை அறுத்துவிடும்.

இதைச் செய்ய புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளம் 2020 முதல் இருக்கிறது, கட்டணமும் இல்லை. மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம் 2015 முதல் இருக்கிறது. 1959 சட்டத்தின் கடமையை உள்வாங்கிக்கொண்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்துவிட்டது. வேலை கொடுப்பவர் பெயர், சம்பளம், ஊர், இடம் இப்போது காலியா: இந்த நான்கு கட்டங்களை நிரப்பாமல் விளம்பரம் ஏறாது, நிரம்பிய தேதியை ஐந்தாவது கட்டத்தில் பிறகு போட வேண்டும் என்று அரசு தன் தளத்தில் முதலில் செய்துகாட்டலாம். பிறகு நௌக்ரி, இன்டீட், அப்னா போன்ற தனியார் தளங்களையும் கேட்கலாம். நிரம்பிய தேதி போட்டால் விளம்பரம் தானாக இறங்கிவிட வேண்டும். அறுபது நாளாகியும் தேதி போடாத நிறுவனத்தின் அடுத்த விளம்பரத்தை நிறுத்திவைக்கலாம். மதுரை கோ.புதூரிலுள்ள வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை நடக்கும் தனியார் வேலைவாய்ப்பு முகாமுக்கு வரும் நிறுவனங்களிடமிருந்தே தொடங்கலாம்: சம்பளம் எழுதாத பேனருக்கு மேசை கிடையாது என்று சொல்ல எந்தப் புதுச் சட்டமும் தேவையில்லை, அங்கேயிருக்கும் அலுவலரின் ஒரு சுற்றறிக்கை போதும்.